சாமியார் கொண்டுவந்து விட்ட வீடு

எக்ஸெல்டா எப்போதும் பனியில் வழுக்கித்தான் விழுவாள். ஜனவரியில் விழுந்தால் கன்னம் வீங்கும். மார்ச்சில் விழுந்தால் விலா நோகும். ஒரு வருடம் ஆகஸ்ட் மாதம் மேலுதடு கிழிந்து தையல் போட்டு மீன் ஆலைக்கு வந்தவள் அப்போதும் வழுக்கிவிட்டது என்றுதான் சொன்னாள்.

"ஆகஸ்ட்டுலயும் உறைஞ்சு கிடக்குற வாசல் ஊர்லயே உன் வாசல் ஒண்ணுதான் அக்கா" என்றாள் எதிரே நின்று நண்டு உடைத்துக்கொண்டிருந்த ஒர்தான்ஸ்.

மேசையைச் சுற்றி நின்ற எட்டுப் பேரும் சிரித்தோம். எக்ஸெல்டாவும் சிரித்தாள், தையல் பிரிந்துவிடாதபடி வாயை ஒரு பக்கமாக வைத்துக்கொண்டு.

ஜோயே குடாவில் அவள் வீடும் என் வீடும் அடுத்தடுத்து. நடுவில் ஒரு உருளைக்கிழங்குத் தோட்டம். கோடையில் ஜன்னல்கள் திறந்திருக்கும் நாட்களில் அந்த வீட்டில் தட்டு உடைந்தால் என் அடுப்படிக்குக் கேட்கும். நானும் என் புருஷன் ஆன்செல்மும் ரேடியோவைச் சத்தமாக வைப்போம். இதை நான் மறைக்கப்போவதில்லை. ஊரில் எல்லோரும் ஏதோ ஒரு விதத்தில் அதைத்தான் செய்தோம்.

அவள் புருஷன் லிவேனை ஊருக்குப் பிடிக்கும். சிங்கி இறால் கூண்டுகள் செய்வதில் அவனுக்கு நிகர் அந்தக் கரையில் கிடையாது. மரக்கிளையை நீராவியில் வேகவைத்து வில்லாக வளைப்பான். ஒன்று கூட வெடிக்காது. படகு கரை சேர்ந்ததும் விதவைகள் வீட்டுக்கு முதல் வாளி மீன் போகும். சற்பிரசாதத் திருநாள் பவனியில் நற்கருணைக்கு மேலே பிடிக்கும் விதானத்தின் முன்கம்பைப் பிடித்து வருபவன் அவன்தான். புத்தாண்டு விருந்தில் அவன் பாட ஆரம்பித்தால் கிழவிகள் கூடக் காலால் தாளம் போடுவார்கள். இவ்வளவும் உண்மை. குடித்துவிட்டு மட்டும்தான் அடிப்பான் என்று சொல்லலாம் என்றால் அதுவும் முடியாது. குடிக்காத நாட்களிலும் அடித்தான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்திரண்டில் அவர்களுக்குக் கல்யாணம். அவளுக்குப் பத்தொன்பது வயது. ஐம்பத்தாறு நவம்பரில், கைக்குழந்தையைப் போர்வையில் சுற்றி, மூத்தவனை நடத்திக்கொண்டு, சேறும் பனியுமான ரோட்டில் ஏழு மைல் நடந்து அப்பன் வீட்டுக்குப் போனாள். அப்பன் கதவைத் திறந்து பார்த்துவிட்டு, சூப் கொடுத்து, குழந்தைகளைத் தூங்கவைத்து, பங்குச் சாமியாருக்கு ஆள் அனுப்பினார்.

தெயோபில் சாமி அப்போது எங்கள் பங்கில் ராஜா மாதிரி. அவரிடம்தான் கறுப்புக் கார் இருந்தது. மறுநாள் மதியம் வந்தவர், "பீடத்துக்கு முன்னால நீ என்ன சொன்ன?" என்று கேட்டார். அவள் சொன்னாள். "அத யார்கிட்ட சொன்ன? லிவேன்கிட்டயா, கடவுள்கிட்டயா?" என்று கேட்டார். "அவன் உன் சிலுவை. கடவுள் அவன் ஆத்துமாவ உன் கையில குடுத்திருக்காரு. அத ரோட்டுல போட்டுட்டு வந்தேன்னு கடைசி நாள்ல போய்ச் சொல்லுவியா?" என்றார். பிறகு அவளையும் பிள்ளைகளையும் தன் காரிலேயே ஏற்றிக் கொண்டுவந்து விட்டார். இருந்து இரவுச் சாப்பாடும் சாப்பிட்டார். லிவேன் அவருக்குத் தன் நாற்காலியைக் கொடுத்து, தான் விறகுப் பெட்டிமேல் உட்கார்ந்து, மிகவும் மரியாதையாகப் பேசினான். காரின் பின்விளக்கு கோயில் திருப்பத்தில் மறையும்வரை மரியாதையாகத்தான் இருந்தான்.

அதற்குப் பிறகு எக்ஸெல்டா எங்கும் போகவில்லை. லிவேனின் ஆத்துமா அவளுக்கு ஒரு வேலையாகிவிட்டது. ரொட்டிக்கு மாவு பிசைவதைப் போல, வலை பின்னுவதைப் போல, தினமும் செய்து முடிக்க வேண்டிய வேலை. ஒவ்வொரு அடியையும் அவன் ஆத்துமாவுக்காகக் கடவுளுக்கு ஒப்புக்கொடுத்தேன் என்று பின்னால் என்னிடம் சொன்னாள். "வீணாப் போகாதுல்ல" என்றாள்.

எண்பத்து மூன்றாம் வருடம் தவக்காலத்தில் அவள் வலது மணிக்கட்டு உடைந்தது.

மார்ச் மாதம். குடா இன்னும் பனிக்கட்டியாக இறுகிக் கிடந்தது. பெண்கள் எல்லோரும் சமையலறை ஜன்னலோரம் உட்கார்ந்து கூண்டுக்குள் வைக்கும் வலைகளைப் பச்சை நூலில் பின்னித் தள்ளிக்கொண்டிருந்தோம். மே முதல் தேதி படகுகள் இறங்குவதற்குள் ஒவ்வொரு வீட்டிலும் அறுநூறு வலை தேறவேண்டும். கட்டுப் போட்ட கையோடு எக்ஸெல்டா என் வீட்டுக்கு வந்து, இடது கையால் ஊசி கோர்க்க முடியுமா என்று பார்த்தாள். முடியவில்லை. நூல் சுருண்டு விழுந்தது. அவளுக்காக நான் பின்னினேன். அவள் உட்கார்ந்து உருளைக்கிழங்கு வேகிறதா என்று பார்த்துக்கொண்டாள்.

"எப்படி ஆச்சு?" என்று கேட்டேன்.

"வாசப்படியில பனி."

நான் ஊசியைக் கீழே வைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதை முடிந்து வெளியே வரும்போது இவோன் சாமி எங்களைக் கூப்பிட்டார். அவர் வந்து இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. முப்பது வயதுகூட இருக்காது. மேற்குக் கரையில் மீன்பிடிக் குடும்பம். ஆலைப் பெண்களோடு நின்று தேநீர் குடிப்பார். எங்களைச் சாமியார் பங்களாவின் சமையலறையிலேயே உட்காரவைத்து, தானே தண்ணீர் கொதிக்க வைத்தார்.

"சாமி, பாவசங்கீர்த்தனத்துல உங்க காதோட சொன்னதப் பத்தின்னா லோரிடா வெளியில இருக்கட்டும்" என்றாள் எக்ஸெல்டா, என்னைக் காட்டி.

"அது அங்கயே முடிஞ்சுபோச்சும்மா. நான் கையப் பத்தித்தான் கேக்குறேன்."

"வாசப்படியில..."

"எங்க வீட்லயும் வாசப்படி இருந்துச்சும்மா. எங்கம்மாவும் அதுலதான் விழுவாங்க."

எக்ஸெல்டா கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவர் மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக வைத்தார்.

"அம்மா, திருச்சபைச் சட்டத்துல இடம் இருக்கு. உயிருக்கோ உடம்புக்கோ ஆபத்துன்னா புருஷன விட்டுத் தனியா இருக்கலாம். பாவம் கிடையாது. நற்கருணை வாங்கலாம். கல்யாணம் கல்யாணமாத்தான் இருக்கும். நீங்க அந்த வீட்டுக்குள்ள இருக்கணும்னு மட்டும் இல்ல. டவுன்ல கன்னியாஸ்திரிங்க ஒரு வீடு நடத்துறாங்க. நான் ஒரு போன் பண்ணினாப் போதும்."

"இது எப்ப வந்த சட்டம் சாமி? அறுபதுகள்ல எல்லாத்தயும் மாத்துன இந்த ரோமாபுரி மகாநாட்டுக்கு அப்புறமா?"

"இல்லம்மா. ரொம்பப் பழசு."

"ரொம்பன்னா?"

"எப்பவுமே இருந்ததுதான்."

"ஐம்பத்தாறுலயும் இருந்துச்சா?"

அவருக்கு அந்த வருடத்தின் கணக்கு தெரியாது. "இருந்துச்சும்மா" என்றார் வெகுளியாக.

எக்ஸெல்டாவின் முகம் அன்று மாறியதுபோல் நான் வேறெப்போதும் பார்த்ததில்லை. லிவேன் அடித்த மறுநாள்கூட அந்த முகத்தில் ஒரு ஒழுங்கு இருக்கும். துடைத்து அடுக்கி வைத்த அலமாரி மாதிரி. இப்போது எல்லாம் சரிந்து கிடந்தது.

"தெயோபில் சாமிக்கு அது தெரிஞ்சிருக்குமா?"

இவோன் சாமிக்கு அப்போதுதான் புரிந்தது. அவர் தலையைக் குனிந்துகொண்டார். "தெரிஞ்சிருக்கும்" என்றார். பிறகு, "அவருக்குப் பதிலா நான் மன்னிப்புக் கேட்டுக்கிறேன்" என்றார்.

"நீங்க எதுக்குக் கேக்கணும்? அப்ப நீங்க பால் குடிச்சுக்கிட்டு இருந்திருப்பீங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து, ஒரு கையால் கோட்டைப் போட முடியாமல் தடுமாறினாள். நான் போட்டுவிட்டேன்.

தெயோபில் சாமி உயிரோடு இருந்தார். எண்பத்தாறு வயது. டவுனில் ஓய்வுபெற்ற சாமியார்கள் இல்லத்தில் இருந்தார். ஈஸ்டர் திருநாளான பாஸ்காவுக்கு முந்தின புதன்கிழமை, லிவேன் படகுக்குப் பெயிண்ட் வாங்கப் போன அன்று, எக்ஸெல்டா தோட்டத்தைத் தாண்டி வந்து, "உன் கார் ஓடுமா?" என்று கேட்டாள். மழையும் பனியும் கலந்து கொட்டியது. ஒன்றரை மணி நேரம் வண்டியில் அவள் செபமாலையை எடுக்கவில்லை. எப்போதும் எடுப்பவள்.

கிழவர் ஜன்னலோரம் முழங்காலில் கம்பளி போட்டு உட்கார்ந்திருந்தார். புத்தி தெளிவாக இருந்தது. தெளிவில்லாமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று பிறகு பலமுறை நினைத்திருக்கிறேன்.

"லிவேன் பொண்டாட்டி" என்றார், யாரும் அறிமுகம் செய்வதற்கு முன்பே.

"ஆமா சாமி."

"அன்னைக்கு உப்பு மீனும் உருளைக்கிழங்கும் வச்ச. மீன என் தட்டுல வச்சுட்டு நீ உக்காரவே இல்ல."

எக்ஸெல்டா நின்றபடியே இருந்தாள். நாற்காலி இருந்தது. உட்காரவில்லை.

"ஒண்ணே ஒண்ணுதான் கேக்க வந்தேன். சட்டத்துல இடம் இருந்துச்சாம். நீங்க ஏன் எங்கிட்டச் சொல்லல?"

கிழவர் அவள் கையிலிருந்த கட்டைப் பார்த்தார். வெளியே பனிக்குழம்பு கூரையிலிருந்து சரிந்து விழுந்தது.

"சொல்லியிருந்தா நீ போயிருப்ப."

"போயிருப்பேன்."

"நீ போயிருந்தா அடுத்த ஞாயித்துக்கிழமையே ஆறு பொம்பளைங்க என் வாசல்ல வந்து நின்னிருப்பாங்க. ஆறு பேரு. எந்தெந்த வீடுன்னு எனக்குத் தெரியும். அவங்களையும் அவங்க பிள்ளைங்களையும் எங்க கொண்டுபோய் வைப்பேன்? மடத்துல இடம் இல்ல. அப்பன்மார் சேக்கமாட்டாங்க. பங்கே குலைஞ்சு போயிரும்னு நெனச்சேன். ஒருத்திய உள்ள கொண்டுபோய் விட்டா மத்தவங்க வெளிய வரமாட்டாங்க. அதான் எல்லாரும் பாக்கட்டும்னு பகல்லயே உன்னக் கார்ல வச்சுக் கூட்டிட்டு வந்தேன்."

ஆறு வீடு என்றபோது அவர் என்னைப் பார்த்தார். பார்த்துவிட்டுச் சட்டென்று கம்பளியின் ஓரத்தைச் சரிசெய்தார். என் அம்மாவுக்கு இடது காது கேட்காது. சின்ன வயதில் வந்த காய்ச்சல் என்றுதான் நாங்கள் நம்பியிருந்தோம். கதவின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன்.

"கடவுளுக்காகன்னு சொன்னீங்களே" என்றாள் எக்ஸெல்டா.

"பாதி கடவுளுக்காக. பாதி பயம். எந்தப் பாதி பெருசுன்னு இந்த ஜன்னல்ல உக்காந்து யோசிக்கிறேன்." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, "நீ என்ன மன்னிப்பியா?" என்று கேட்டார்.

எக்ஸெல்டா எதற்கும் மறுத்துப் பேசாதவள். கடைக்காரன் அழுகின ஆப்பிள் கொடுத்தாலும் வாங்கிக்கொண்டு வருபவள். அன்று நிமிர்ந்து நின்று, "யோசிச்சுச் சொல்றேன் சாமி" என்றாள்.

அவர் அந்த ஜூன் மாதமே செத்துப்போனார். அவள் சொல்லியனுப்பவில்லை.

காரில் ஏறியதும் நான் கேட்டேன். "அந்தக் கன்னியாஸ்திரிங்க வீடு அடுத்த தெருவுலதான் இருக்காம். போய்ப் பாத்துட்டாவது போலாமா?" அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஓட்டிக்கொண்டு போய் எதிரே நிறுத்தினேன். சாதாரணமான மஞ்சள் வீடு. வாசலில் குழந்தையின் மூன்று சக்கர வண்டி ஒன்று பனியில் பாதி புதைந்திருந்தது. சமையலறை விளக்கு எரிந்தது. உள்ளே ஒரு இளம்பெண் இடுப்பில் குழந்தையோடு அங்குமிங்கும் நடந்தாள். காரின் கண்ணாடித் துடைப்பான்கள் ஓடிக்கொண்டேயிருந்தன.

"நம்ம மூரியெல் என்ன சொல்லுவா?" என்றேன். மூரியெல் அவள் மகள். மாங்க்டன் நகரத்தில் ஆஸ்பத்திரி வேலை. தன்னோடு வந்து இருக்கும்படி அம்மாவைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்துப் போனவள்.

"சந்தோசப்படுவா."

"அப்ப இறங்கேன். துணியெல்லாம் நான் கொண்டுவந்து தர்றேன். லிவேன் வந்து கத்துனா ஆன்செல்ம் பாத்துக்குவாரு."

"ஆன்செல்மா? அவரு ரேடியோவத்தான் பாத்துக்குவாரு" என்றாள்.

எனக்கு முகம் சுட்டது. அவள் அதைக் குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை, பனி பெய்கிறது என்பதைப்போலச் சொன்னாள். அதுதான் அதிகமாகச் சுட்டது.

கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு அவளே பேசினாள்.

"லோரிடா, அந்தக் கதவத் தட்டணும்னா முப்பத்தொரு வருசம் சும்மா போச்சுன்னு நான் ஒத்துக்கணும். யாரும் கேக்காத ஒண்ணக் கொண்டுபோய் யார்கிட்டயோ குடுத்துக்கிட்டு இருந்தேன்னு. அடி வாங்க எனக்குத் தைரியம் இருக்கு. இதுக்குத் தைரியம் இல்ல."

"நாளைக்கு வரலாமா?"

"வீட்டுக்குப் போ. சாயங்காலம் ஆகுது. அவரு வந்துருவாரு."

நான் வண்டியைத் திருப்பினேன். இன்னும் ஒரு முறை கேட்டிருக்கலாம். இன்னும் பத்து நிமிடம் அங்கே நிறுத்தியிருக்கலாம். திருப்பினேன்.

லிவேன் கொட்டகை வாசலில் பெயிண்ட் டப்பாவைக் கலக்கிக்கொண்டிருந்தான். "என்ன லோரிடா, எம் பொண்டாட்டியக் கடத்திக்கிட்டா போன? கொஞ்சம் லேட்டாயிருந்தா இன்னொருத்தியத் தேடியிருப்பேன்" என்று சிரித்தான். நல்ல சிரிப்பு அவனுக்கு. எக்ஸெல்டா அவனைத் தாண்டி உள்ளே போனாள். அன்றும் அவர்கள் வீட்டுப் புகைபோக்கியிலிருந்து சரியாக ஐந்தரைக்குச் சமையல் புகை வந்தது.

பாஸ்கா முடிந்து, பனிக்கட்டி உடைந்து, படகுகளைச் சாமியார் தீர்த்தம் தெளித்து மந்திரிக்க, கடலில் இறக்கி, மே மாதம் ஆலை திறந்தது. கட்டுப் பிரித்த கையோடு எக்ஸெல்டாவும் வந்தாள். வெந்த சிங்கி இறால்கள் ஆவி பறக்க மேசைமேல் கொட்டப்படும். கால் ஒருத்தி, கொடுக்கு ஒருத்தி, வால் ஒருத்தி என்று பிரித்துக்கொண்டே போவோம். உப்புத்தண்ணீர் கையுறைக்குள் இறங்கி விரலிடுக்கெல்லாம் வெந்துபோகும். அவளால் கொடுக்கை உடைக்க முடியவில்லை. சூப்பர்வைசர் அவளை வால் உரிக்கும் பக்கம் மாற்றிவிட்டாள்.

"கை இன்னும் சரியாகலையா அக்கா? இந்த வருசப் பனி ரொம்ப மோசம்போல" என்றாள் ஒர்தான்ஸ்.

எக்ஸெல்டா தலையைத் தூக்கவில்லை. "பனி இல்ல. எம் புருசன் முறுக்கி உடைச்சாரு" என்றாள்.

கன்வேயர் ஓடிக்கொண்டேயிருந்தது. இறால்கள் வந்து எங்கள் முன் குவிந்தன. யாரும் எடுக்கவில்லை. சூப்பர்வைசர் வந்து, "என்ன ஆச்சு இங்க?" என்று கேட்டாள். ஒர்தான்ஸ் கையுறையைக் கழற்றிவிட்டுக் கழிவறைக்குப் போனவள், வெகுநேரம் திரும்பவில்லை.

இரண்டு நாளில் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. தெரிந்தது என்று சொல்ல முடியாது. தெரிந்ததை இனித் தெரியாது என்று சொல்ல முடியாமல் போய்விட்டது. ஊருக்குக் கோபம் வந்தது. லிவேன்மேல் அல்ல. "வீட்டு விசயத்த ஆலையில கொட்டலாமா?" என்று துறைமுகத்தில் ஆண்கள் பேசினார்கள். சில பெண்களும் பேசினார்கள். அந்த வருடம் சற்பிரசாதப் பவனிக்கு லிவேன் வரவில்லை. அந்த வருடம் முழுவதும் அவன் அவள்மேல் கை ஓங்கவும் இல்லை. அடுத்த வருடம் மறுபடி ஓங்கினான். அப்போதும் அவள் யார் கேட்டாலும் உள்ளதைச் சொன்னாள். கேட்பதை நாங்கள் நிறுத்திக்கொண்டோம்.

அவன் கையை நிறுத்தியது அவன் நுரையீரல்தான். அறுபது வயதில் பத்தடி நடந்தால் மூச்சு வாங்கியது. படகை விற்றார்கள். கடைசி இரண்டு வருடம் சமையலறையிலேயே கட்டில் போட்டு, ஆக்சிஜன் குழாயோடு படுத்திருந்தான். எக்ஸெல்டா கோழி சூப்பை மசித்து ஊட்டினாள். துடைத்தாள், திருப்பிப் போட்டாள். ஒருநாள் நான் போயிருந்தபோது அவன் அவளிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் கரண்டியை அவன் வாயில் வைத்துவிட்டாள்.

"ஏதோ சொல்ல வந்தாரே" என்றேன் வாசலில்.

"வரட்டும். இவோன் சாமிகிட்டச் சொல்லட்டும்" என்றாள்.

சொன்னானா என்று எனக்குத் தெரியாது. தொண்ணூற்றிரண்டு நவம்பரில் செத்தான். அதற்கு ஒரு மாதம் முன்புதான் இவோன் சாமி மாற்றலாகிப் போயிருந்தார். அடக்கப் பூசைக்குப் பக்கத்துப் பங்கிலிருந்து ஒரு சாமியார் வந்தார். நல்ல மனிதர், எங்களைத் தெரியாதவர். யாரோ சொல்லி எழுதிக்கொண்ட தாளைப் பார்த்துப் பிரசங்கம் வைத்தார். லிவேனின் கூண்டுகள், லிவேனின் பாட்டு, விதவைகளுக்குக் கொடுத்த மீன். பிறகு முன்வரிசையைப் பார்த்து, "நாற்பது ஆண்டுகள் இன்பத்திலும் துன்பத்திலும் தம் வாக்கைக் காத்த ஒரு மனைவி இங்கே அமர்ந்திருக்கிறார். இந்தக் காலத்து இளம் தம்பதிகள் இவரைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும். இவர் பொறுமையில் ஒரு புனிதை" என்றார்.

எக்ஸெல்டா எழுந்து நின்றாள். மூரியெல் அவள் கோட்டைப் பிடித்தாள். அவள் கையை விலக்கினாள்.

"சாமி, அத நிறுத்துங்க."

அவருக்குக் கேட்கவில்லை என்று நினைக்கிறேன். காதை முன்னால் சாய்த்தார்.

"என்னப் பத்தி அப்படிச் சொல்லாதீங்க. இங்க சின்னப் பொண்ணுங்க உக்காந்திருக்காங்க. இதக் கேட்டுட்டுத்தான் வீட்டுக்குப் போவாங்க. நான் பொறுமையில இருக்கல. முதல்ல சட்டம் தெரியாம இருந்தேன். தெரிஞ்சதுக்கு அப்புறம் பயத்துல இருந்தேன். அதுக்குப் பேரு புனிதம் இல்ல."

அவள் சவப்பெட்டியைப் பார்த்தாள்.

"அவருக்காக வேண்டிக்குங்க. அதுக்குத்தானே எல்லாரும் வந்திருக்கோம். அவருக்கு அது ரொம்பத் தேவைப்படும்."

உட்கார்ந்துகொண்டாள். சாமியார் தாளைப் புரட்டினார், மறுபடி புரட்டினார். பின்வரிசையிலிருந்து ஒர்தான்ஸின் குரல் கரகரவென்று எழுந்தது. "நித்திய இளைப்பாற்றியை அவருக்கு அளித்தருளும் ஆண்டவரே." பெண்கள் பக்கம் முதலில் பதில் சொன்னது. பிறகு ஆண்களும் சொன்னார்கள். முன்வரிசையில் எக்ஸெல்டாவின் குரல் தனியாகக் கேட்டது. ஒரு சொல்லையும் விடாமல், விழுங்காமல் சொன்னாள்.

எனக்கு முன்னால், நான்காவது வரிசையில், ஒரு சின்னப் பெண் வாயைத் திறக்கவில்லை. எக்ஸெல்டாவின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணம் ஆகி மூன்று வருடம் ஆனவள். யார் வீட்டுப் பெண் என்று நான் சொல்லமாட்டேன்.

மறுநாள் காலை பத்து மணிக்கு, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, என் வீட்டு ஜன்னலைத் தாண்டி அந்தப் பெண் போனாள். தரை ஈரமாக இருந்தது. பனி இன்னும் விழவில்லை. எக்ஸெல்டா வீட்டு வாசலில் கொஞ்ச நேரம் நின்றாள். ஒரு முறைதான் தட்டினாள். கதவு உடனே திறந்தது.